குடிக்காதவர் சாக்கே ஆலையில் என்ன பார்ப்பது?

பிப்ரவரி கடைசியில் மனைவியோடும் எட்டு வயது மகளோடும் ஒசாகாவில் தங்கப் போகிறீர்கள். ஒரு நாளை ஒதுக்கி, ஜப்பானிய அரிசி மதுவான சாக்கே தயாரிக்கும் முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள வடிசாலை ஒன்றைப் பார்க்க ஆசை, எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "நான் குடிப்பதில்லை. எனக்கு அங்கே பார்க்க ஏதாவது இருக்குமா, இல்லை டூரிஸ்ட்டுக்காகப் போட்ட செட்டா?" என் கண்ணுக்கு அந்த வரிதான் கேள்வி. எந்த ஆலை என்பது ரயில் வசதியைப் பார்த்துத் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். சாக்கே வடிப்பது அல்ல. காய்ச்சி வடித்தால் அது சாராயம். ஜப்பானில் அதற்கு ஷோச்சூ என்று தனிப் பெயர் உண்டு. சாக்கே, அரிசியைப் புளிக்கவைத்துப் பிழிந்து எடுப்பது. நம் பக்கத்தில் உறவு தேடினால் சாராயத்தோடு அல்ல, சுண்டக்கஞ்சியோடுதான், அதுவும் தூரத்து உறவு. ஜப்பானியர் பேச்சில் சாக்கே என்றால் எல்லா மதுவும் அடக்கம். நீங்கள் சொல்வதை அவர்கள் நிஹோன்ஷு என்பார்கள். அது தயாராகும் கட்டடத்துக்குக் குரா என்று பெயர். நானும் இனி குரா என்றே எழுதுகிறேன்.

நான் படித்தது உணவு நுண்ணுயிரியல். ஒசாகா, கோபே பக்கம் பதினோரு வருடம் வேலை. வேலையின் பொருட்டும், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டும் பல குராக்களுக்குப் போய்வந்திருக்கிறேன். சாக்கே தயாரித்தவன் அல்ல. நாக்கு விஷயத்தில் என் பேச்சை நம்பவும் வேண்டாம். எந்தப் புட்டி வாங்கலாம் என்பதை ருசி தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நொதிக்கும் பானைக்குள் என்ன நடக்கிறது, அதில் எதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பது மட்டும்தான் என் எல்லை.

செட்டா என்றால், பாதி ஆமாம். நீங்கள் போகக்கூடிய பெரிய குராக்களில் உங்களை அழைத்துச் செல்வது அருங்காட்சியகத்துக்கு. பழைய மரக்கட்டடம், ஆளுயர மரத்தொட்டிகள், வேலை செய்வதுபோல் நிற்கும் பொம்மைகள், ஒரு வீடியோ, கடைசியில் கடையும் ருசி பார்க்கும் மேசையும். உண்மையான வேலை பக்கத்துக் கான்கிரீட் கட்டடத்தில், உங்கள் கண்ணில் படாமல் நடந்துகொண்டிருக்கும். சிலருக்கு இது ஏமாற்றம். எனக்கும் முதல்முறை அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர்கள் கதவைச் சாத்தி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தின் பெயர் கோஜி.

திராட்சையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. நசுக்கி வைத்தால் ஈஸ்ட் அதைத் தின்று ஒயின் ஆக்கிவிடும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதைத் தொட முடியாது. பீர் காய்ச்சுபவர்கள் பார்லியை முளைகட்டி, முளையில் ஊறும் நொதிகளை வைத்து மாவைச் சர்க்கரையாக்குகிறார்கள். தீட்டிய அரிசி முளைக்காது. எனவே கிழக்காசியா வேறு வழியில் போனது: பூஞ்சை. வேகவைத்த அரிசியைப் பரப்பி, அஸ்பர்ஜில்லஸ் ஒரைஸே என்ற பூஞ்சையின் விதைத்தூளை மேலே தூவி, தேவதாரு போன்ற மணமுள்ள சுகி மரப்பலகை அடித்த அறையில் இரண்டு நாள் வைக்கிறார்கள். வெளியே பனி பெய்தாலும் உள்ளே முப்பது டிகிரிக்கு மேல், நம் ஊர் வெயில்காலம் மாதிரி. இரவு முழுக்க ஆள் விழித்திருந்து கிளறிக் கொடுப்பார்கள், சூடு ஏறினால் பிரித்துப் போடுவார்கள். மூன்றாம் நாள் ஒவ்வொரு பருக்கையும் வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல் வெளியே வரும். வாயில் போட்டால் இனிக்கும், வறுத்த கடலைக்குப் பக்கத்தில் ஒரு வாசனை. அதுதான் கோஜி.

இதை ஈஸ்ட்டோடும் தண்ணீரோடும் மேலும் வெந்த அரிசியோடும் தொட்டியில் சேர்க்கும்போது நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. கோஜி ஒரு பக்கம் மாவைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உடனுக்குடன் தின்று ஆல்கஹாலாக்கும். சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்து ஈஸ்ட்டைத் திணறடிப்பதில்லை. அதனால்தான் வடிக்காமலேயே ஆல்கஹால் 18, 20 சதவீதம் வரை ஏறுகிறது. அரிசியையும் ஒரே தடவையில் கொட்டுவதில்லை. நான்கு நாளில் மூன்று தவணையாகச் சேர்க்கிறார்கள். இரண்டாம் நாள் எதுவும் சேர்க்காமல் ஈஸ்ட் பெருகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாளுக்கு ஒதோரி, அதாவது நடனம், என்று பெயர். பிறகு மூன்று நான்கு வாரம் குளிரில் நொதிக்கும். பிழிந்தெடுத்துத் தண்ணீர் கலந்து, புட்டியில் பெரும்பாலும் 15, 16 சதவீதமாக வரும்.

இப்போது கதவு விஷயத்துக்கு வருகிறேன். கோஜி வளரும் அறையில் வேறு எந்த நுண்ணுயிர் புகுந்தாலும் வேலை கெடும். எல்லாவற்றிலும் அவர்கள் பயப்படுவது நாட்டோ என்ற புளித்த சோயாவுக்கு. அதிலுள்ள பாசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீருக்கும் அவ்வளவு சுலபத்தில் சாகாதவை. உடையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வரும். கோஜியில் ஏறினால் அரிசி பிசுபிசுத்துப்போகும். வேலையாட்கள் நொதிக்கும் பருவம் முழுக்க நாட்டோவைத் தொடமாட்டார்கள். நான் புதிதில், நுண்ணுயிரியல் படித்தவன் என்ற மிதப்பில், காலையில் ஹோட்டலில் நாட்டோவைத் தின்றுவிட்டு ஒரு சிறிய குராவுக்குப் போனேன். வாசலில் அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். பெருமையாகச் சொன்னேன். சிரிப்பு மாறவே இல்லை. தேநீர் வந்தது, பலகாரம் வந்தது, இரண்டு மணி நேரம் முன்னறையிலேயே பேசி அனுப்பிவிட்டார்கள். படித்தவனுக்குப் புரிய ரயில் ஏறும் வரை ஆனது.

குளிர்காலம் ஏன் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். குளிரில் கெடுக்கும் கிருமிகள் அடங்கியிருக்கும், நொதித்தல் மெல்ல நடக்கும், மணம் தங்கும். அறுவடை முடிந்து கைசும்மா இருந்த விவசாயிகள் நவம்பர் வாக்கில் மலைக்கிராமங்களிலிருந்து இறங்கி, குராவிலேயே தங்கி, பருவம் முடிந்து நாற்று நடத் திரும்பிப் போவார்கள். கோபே பக்கத்து நதா பகுதிக்கு வந்தவர்கள் தம்பா என்ற உள்நாட்டுப் பகுதிக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் தோஜி. கடிகாரம் இல்லாத காலத்தில் கிளறும் நேரத்தைப் பாட்டால் அளந்தார்கள். இத்தனை அடி பாடி முடித்தால் இந்த வேலை முடிந்தது என்று கணக்கு. அருங்காட்சியகங்களில் அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிடுவார்கள், கேளுங்கள். இன்று பெரிய ஆலைகளில் குளிரூட்டி வந்துவிட்டது. கெக்கெய்கான் நிறுவனம் 1961-லேயே ஆண்டு முழுவதும் தயாரிக்கும் ஆலையைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் சிறு குராக்களுக்கு இன்றும் குளிர்காலமே பருவம். அந்தவகையில் பிப்ரவரி உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆகஸ்டில் போனால் பழைய கட்டடம் மட்டும்தான். பிப்ரவரியில் காலை எட்டு ஒன்பது மணிக்குக் குராக்கள் இருக்கும் தெருவில் நடந்தால், அரிசி வேகும் ஆவி சந்துவரை வரும். மத்தியானம் போனால் அதுவும் இல்லை.

சரி, எங்கே. ஒசாகாவிலிருந்து ஒரு நாளில் போய்வர இரண்டு ஊர்கள்: மேற்கே கோபேயை ஒட்டிய நதா, வடகிழக்கே கியோட்டோவின் தென்கோடியில் ஃபுஷிமி. இரண்டுமே தண்ணீரால் பிழைத்த ஊர்கள். குடிக்காத உங்களுக்கு நான் பரிந்துரைப்பது தண்ணீரைத் தேடிப் போகச் சொல்லித்தான்.

நதாவின் கதை இது. 1840 வாக்கில் யமமுரா தசயேமோன் என்ற உற்பத்தியாளருக்கு இரண்டு இடத்தில் குரா இருந்தது, ஒன்று உவோசாக்கியில், மற்றது நிஷினோமியாவில். நிஷினோமியாச் சரக்கே எப்போதும் உசத்தியாக வந்தது. அரிசியை மாற்றிப் பார்த்தார், ஆட்களை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரை உவோசாக்கிக்குக் கொண்டுவந்து தயாரித்தார். அதுவும் உசத்தியாக வந்தது. மியாமிஸு என்று அந்தத் தண்ணீருக்குப் பெயர். சோதனைக்கூடம் இல்லாத காலத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த அந்த முறை எந்த ஆராய்ச்சி மாணவனுக்கும் பாடம். கதை அப்படியே நடந்ததா, காலப்போக்கில் மெருகேறியதா என்று வாதிடலாம். தண்ணீரின் குணத்தில் வாதமில்லை. ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் தேவையான பாஸ்பரசும் பொட்டாசியமும் அதில் தாராளம், இரும்பு மிகக் குறைவு. இரும்பு இருந்தால் கோஜி சுரக்கும் ஒரு பொருளோடு சேர்ந்து சாக்கேயைப் பழுப்பாக்கும், மணத்தையும் கெடுக்கும். ஜப்பான் கணக்கில் மியாமிஸு 'கடினத் தண்ணீர்'. நம் போர்வெல் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

நதாவில் பழைய மரக்குரா அதிகம் மிஞ்சவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995 ஜனவரி 17 விடியற்காலை நிலநடுக்கம் வந்தபோது தயாரிப்பு உச்சத்தில் இருந்தது. மரக்கட்டடங்கள் பல அப்படியே உட்கார்ந்துவிட்டன. கிக்கு-மசமுனே என்ற சாக்கே நிறுவனத்தின் அருங்காட்சியகம் இடிந்தது; இடிபாட்டுக்குள்ளிருந்து பழைய கருவிகளைப் பொறுக்கியெடுத்து, 1999-இல் புதுக்கட்டடத்தில் வைத்தார்கள். அவை அரசு பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பண்பாட்டுச் சொத்து. அந்நிறுவனம் தொடங்கியது 1659-இல். கொஞ்ச தூரத்தில் 1743-இல் தொடங்கிய ஹக்குத்ஸுரு. 1969 வரை உண்மையாகவே வேலை நடந்த குராவைத்தான் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இதுதான் பிடிக்கும். ஆளுயரப் பொம்மைகள், ஏணி வைத்து ஏறும் தொட்டிகள், ஆங்கில விளக்கம் எல்லாம் உண்டு. நான் போனபோதெல்லாம் இரண்டுக்குமே கட்டணம் இல்லை. ஹான்ஷின் ரயிலில் சுமியோஷியில் இறங்கித் தெற்கே ஐந்து நிமிட நடை ஹக்குத்ஸுரு. அங்கிருந்து கிக்கு-மசமுனேக்கும் நடந்தே போகலாம்.

ஃபுஷிமியின் அழகு வேறு. கால்வாய், கரையில் வில்லோ மரங்கள், கரிபிடித்த பலகைச் சுவர்கள். கெக்கெய்கான் 1637-இல் தொடங்கிய குடும்பத் தொழில். நீங்கள் பார்க்கப்போவது 1909-இல் எழுந்த குராக் கட்டடம். ஆக, நிறுவனத்துக்கு வயது ஏறத்தாழ நானூறு, நீங்கள் தொடும் சுவருக்கு நூற்றுச்சொச்சம். பழமை என்று விளம்பரத்தில் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் கிணறு உண்டு, தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். பத்து நிமிட நடையில் கோகோனோமியா கோயில். அங்கே ஊற்றுநீரைப் பிடிக்க ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் கேன்களோடு நிற்பார்கள். ஜப்பான் அரசின் நூறு சிறந்த நீர்நிலைகள் பட்டியலில் 1985-இலேயே இடம்பிடித்த தண்ணீர். வாயில் பட்டதும் மென்மை தெரியும். கோயிலுக்குப் போகும் தெருவில் கின்தெத்ஸு ரயில்பாதை தலைக்குமேல் தூண்களில் போகும். ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1920-களில் அந்தப் பாதையைச் சுரங்கமாகத் தோண்டத் திட்டம் இருந்தது. நிலத்தடி ஊற்று அறுந்துவிடும் என்று சாக்கேக்காரர்கள் எழுந்து நின்றார்கள், ஆய்வு நடந்தது, பாதை மேலே ஏறியது. 1928-இல் ரயில் ஓடியது. குராவுக்குள் வைத்திருக்கும் எந்தக் கருவியைவிடவும் எனக்கு அந்தத் தூண்கள்தான் பிடிக்கும்.

கட்டடமே முந்நூறு ஆண்டுப் பழமையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. ஒசாகாவுக்கு வடமேற்கே இத்தாமி நகரில் பழைய ஒகாதா வீடு, 1674-இல் கட்டியது, குராவோடு சேர்ந்தது. இப்போது நகர அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாலே போதும். ஒரு சொட்டுச் சாக்கேகூட அங்கே தயாராவதில்லை.

வழிகாட்டிகள் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்றும் கேட்பீர்கள். நதாச் சரக்கு ஆண் சாக்கே, ஃபுஷிமிச் சரக்கு பெண் சாக்கே என்று கட்டாயம் சொல்வார்கள். கடினத் தண்ணீரில் நொதித்தல் வேகமாக நடந்து சுவை கறாராக வரும், மென்னீரில் மெதுவாகப் போய் இளகி வரும் என்ற அடிப்படை சரி. ஆனால் இன்று ஈஸ்ட்டையும் வெப்பத்தையும் விருப்பப்படி மாற்றுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லாப் புட்டியிலும் ஊரைச் சொல்லிவிடலாம் என்றால் நான் நம்பமாட்டேன். பன்னிரண்டாம், பதினைந்தாம் நூற்றாண்டில் தொடங்கினோம் என்று சொல்லும் குராக்களும் உண்டு; அவை பெரும்பாலும் குடும்ப வழக்கு, மரியாதையோடு கேட்டுக்கொள்ள வேண்டியவை. பெண்களைக் குராவுக்குள் விடாத வழக்கம் பழங்காலத்தில் இருந்தது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல, அறிவியல் ஒன்றிலும் இல்லை. இன்று பெண் தோஜிகள் இருக்கிறார்கள். நல்ல சாக்கேக்குத் தலைவலி வராது என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சந்தேகமே இல்லாத ஒன்றும் சொல்கிறேன்: பிழிந்த சாக்கேயை அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் முறையை, பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் பிறப்பதற்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டிலேயே, ஜப்பானியர் செய்துகொண்டிருந்தார்கள். காரணம் தெரியாமல்தான். ஆனால் சரியாகச் செய்தார்கள்.

உள்ளே போனதும் மூன்று பொருள்களைக் கவனியுங்கள். வாசலில் தொங்கும் சுகி இலைப் பந்து: புதுச் சாக்கே பிழியும்போது பச்சையாக மாட்டுவார்கள், மாதங்கள் போகப் பழுப்பாகும், பிப்ரவரியில் இன்னும் பச்சை மிச்சமிருக்கலாம். தீட்டிய அரிசி மாதிரிகள்: வீட்டில் சமைக்கும் அரிசியில் பத்தில் ஒரு பங்கு தவிடாகப் போனால், தாய்கின்ஜோ என்ற உயர்ரகச் சாக்கேக்குக் குறைந்தது பாதியைத் தீட்டித் தள்ளிவிடுகிறார்கள், மிஞ்சுவது முத்துமாதிரி. வெளிப்புறத்துப் புரதமும் கொழுப்பும் மணத்தைக் கெடுக்கும் என்பதால். என் பாட்டி பார்த்திருந்தால் திட்டியிருப்பாள். மூன்றாவது, ருசி பார்க்கும் வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் இருக்கும் இரண்டு நீல வளையம். அலங்காரமில்லை, நீலத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் சாக்கே தெளிந்திருக்கிறது, வெள்ளையில் அதன் நிறம் தெரியும்.

ஒரே நாள்தான் என்றால், உங்கள் இடத்தில் நான் ஃபுஷிமிக்குப் போவேன். ஒசாகா யொதோயாபாஷியிலிருந்து கெய்ஹான் லிமிடெட் எக்ஸ்பிரஸ், முக்கால் மணி நேரத்தில் சூஷோஜிமாவில் இறக்கிவிடும். நடந்தே எல்லாம் பார்க்கலாம். மகள் சீக்கிரம் சலிப்பாள் என்று தோன்றினால் ஹக்குத்ஸுரு. எங்கே போனாலும் திறந்திருக்கும் நாளையும் கட்டணத்தையும் அவர்கள் தளத்தில் அந்த வாரமே பார்த்துவிடுங்கள். உண்மையாக வேலை நடக்கும் சிறு குராவைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பருவ உச்சத்தில் முடியாது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுமதி கிடைத்தால் வாசனைத் தைலம் வேண்டாம், நாட்டோ வேண்டவே வேண்டாம், கழற்றி மாட்ட வசதியான செருப்பு, கனமான காலுறை. தரை ஈரமாகவும் சில்லென்றும் இருக்கும். கார் ஓட்டுவது உங்கள் மனைவி, ருசி பார்ப்பதும் அவரே என்றால் காரை வாடகைக்கு எடுக்க வேண்டாம். அங்கே குடித்துவிட்டு ஓட்டுபவரோடு உடன் உட்கார்ந்திருப்பவரும் தண்டனைக்கு ஆளாகலாம். நாமா என்று எழுதிய, சூடாக்காத சாக்கே குளிர்பெட்டியில் இருக்க வேண்டியது. ஊருக்குக் கொண்டுபோக வாங்காதீர்கள்.

குடிக்காதவர், அதோடு குழந்தை, இரண்டுக்கும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று. கடையில் நாராஸுக்கே என்ற பழுப்பு ஊறுகாய், சாக்கேச் சக்கை சேர்த்த கேக், ஐஸ்கிரீம் எல்லாம் வைத்திருப்பார்கள். அவற்றில் கொஞ்சம் ஆல்கஹால் தங்கியிருக்கும். அமஸாக்கே என்று சூடாக, கஞ்சிமாதிரி ஒன்று கிடைக்கும். அதில் இரண்டு வகை. கோஜி அரிசியை இதமான சூட்டில் வைத்து இனிப்பாக்கியது ஒன்று. சர்க்கரை போடாமலே அவ்வளவு இனிக்கும், ஆல்கஹால் கிடையாது, கோஜி என்ன செய்கிறது என்பதை நாக்கால் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. இன்னொன்று சாக்கே பிழிந்த சக்கையைக் கரைத்தது. அது பிள்ளைக்கு வேண்டாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். மகளைக் காட்டி, "கொதொமோ, தாய்ஜோபு?" என்று கேளுங்கள். கூடாதென்றால் கடைக்காரர் இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல் குறுக்கே வைத்துக் காட்டுவார்.